புத்தாக்கம்: ‘கண்டுபிடிப்பு’ ஏன் பொருந்தாது?

‘இன்னோவேஷன்’ என்ற சொல்லுக்கும் ‘கண்டுபிடிப்பு’ என்றே எழுதும் வழக்கம் பரவிவருகிறது. இது பிழை. புதியது எனப் பொருள்படும் ‘நோவுஸ்’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது அச்சொல். அதற்கு நேரான தமிழ் புத்தாக்கம். புத்தாண்டு, புத்தாடை போலப் புதுவும் ஆக்கமும் புணர்ந்து வந்தது.

ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அது முன்பே எங்கேனும் இருந்தாக வேண்டும். தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம். 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார் என்பதும் சரியே. ஆனால் ‘ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியத்தில் இரு பிழைகள் உள்ளன. எஞ்சின் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அன்றியும், 1712இலேயே நியூகோமன் என்பவரின் நீராவி எஞ்சின் இயங்கியது. அதில் உருளைக்குள்ளேயே நீராவியைக் குளிர்வித்ததால், ஒவ்வொரு முறையும் உருளையை மீண்டும் சூடாக்க நேர்ந்து எரிபொருள் வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் அமைத்து வாட் அதைத் தவிர்த்தார். அந்தக் கலம் ‘இன்வென்ஷன்’. அதைப் புதுப்புனைவு என்பதே பொருத்தம். புனைவு என்றால் கதையல்லவா என்பாருக்குத் திருக்குறளின் ‘மண்மாண் புனைபாவை’ விடை தரும். மண்ணால் அழகுறச் செய்த பாவை அது.

‘இன்வென்ஷன்’ என்பதன் இலத்தீன் வேரும் எதிர்ப்படுதல், கண்டடைதல் என்றே பொருள்படும் என வாதிடுவோர் உண்டு. வேர்ப்பொருள் உண்மையே, ஆனால் ஆங்கிலத்தில் அப்பொருள் வழக்கொழிந்துவிட்டது, தமிழ்ச் சொல்லிலோ அது இன்றும் உயிரோடிருக்கிறது. இயற்கையில் உள்ளதைக் கண்டறிந்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்பது ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் விதி. ‘டிஸ்கவரி’, ‘இன்வென்ஷன்’ இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்பவர் அவ்விதியைக் ‘கண்டுபிடிப்பு, கண்டுபிடிப்பு ஆகாது’ என்று எழுத நேரும். சட்டத்தின் உயிர்நாடியையே அறுக்கும் மொழிபெயர்ப்பை எளிய தமிழ் என்று எப்படி ஏற்பது?

புத்தாக்கம் இவ்விரண்டினும் வேறு. 1956இல் அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்துத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 சரக்குப் பெட்டகங்களைக் கப்பலேற்றியபோது பெட்டியும் புதிதன்று, கப்பலும் புதிதன்று. சரக்கை இறக்கி ஏற்றாமல், லாரியிலிருந்து பெட்டகத்தையே தூக்கிக் கப்பலில் வைத்த முறைதான் சரக்குப் போக்குவரத்தை மாற்றியது. புதிதாக ஒன்றைச் செய்வதோடு நில்லாமல் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் இச்செயலைப் பொருளியலாளர் ஷும்பீட்டரும் புதுப்புனைவிலிருந்து பிரித்தே காட்டினார். இதைப் ‘புதுமை’ என்பதும் போதாது. புதுமை பண்புப்பெயர், செயலைச் சுட்டாது. புத்தாக்கத்தில் ‘ஆக்கம்’ இருப்பதால் ஆக்குபவரும் ஆக்கும் முறையும் கூடவே வருகின்றன: புத்தாக்குநர், புத்தாக்கமுறை என மேலும் சொற்களை இயல்பாகவே அமைக்கலாம்.