ஆபரேஷன் முடிந்த பிறகும் முதல்வர் காப்பீடு உண்டு: கீமோ, ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களிடம், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "கீமோ கொடுக்கணும், அப்புறம் கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொல்வதுண்டு. கீமோ என்பது புற்றுநோயை அழிக்கும் மருந்து; கரண்ட் என்பது ரேடியேஷன், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. காப்பீட்டு அட்டையை ஆபரேஷனுக்கே பயன்படுத்தியாகிவிட்டதே என்று எண்ணி அடுத்த சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். பல மாதம் தாமதித்தால் கீமோவின் பலன் குறையும்.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் ரேடியேஷனும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இந்தத் தொகை வீட்டில் எல்லோருக்கும் பொது. அதனால் ஆபரேஷனுக்குப் போக மீதி எவ்வளவு என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் முதலில் கேளுங்கள்.

அட்டை இல்லையா? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆபரேஷனைச் சொந்தக் காசில் வெளியே செய்துகொண்டவர்களும் மீதிச் சிகிச்சையைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் தொடரலாம். ஆனால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வர வேண்டும். கீமோவுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் மருத்துவமனை இந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கும் என்பதால் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள்.

பணம் ஒருபுறம் இருக்க, எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதையும் நீங்கள் கேட்டுத் தெளியலாம், தெளிய வேண்டும். எடுத்த கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது, ஈஆர், பிஆர் (நோய் ஹார்மோனால் வளர்கிறதா), ஹெர்-2 (நோய்ச் செல்லில் அந்தப் புரதம் அதிகமா) சோதனைகள் என்ன சொல்கின்றன என்பவை ரிப்போர்ட்டில் இருக்கும். கீமோவா, ஹார்மோன் மாத்திரையா, இரண்டுமா என்பதை முடிவு செய்வதில் இவற்றுக்குத்தான் பெரிய பங்கு. "எனக்குக் கீமோவால் எவ்வளவு பலன்?" என்று நேராகவே கேளுங்கள். அறுவை, கீமோ, ரேடியேஷன் டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டில் உங்கள் கேஸை வைத்தார்களா என்றும் கேட்கலாம். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமானால் ரிப்போர்ட் மட்டும் போதாது. லேபில் இருக்கும் ஸ்லைடையும் (கண்ணாடித் துண்டில் வைத்த திசு) பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) வாங்கிக்கொண்டு போங்கள். இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம், தயங்காமல் கேளுங்கள்.

வெளியூர் சிகிச்சை என்றால் ரயில் சலுகையும் இருக்கிறது. மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவர் 25 சதவீதம் கட்டினால் போதும்.