பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? ரேமும் மின்வெட்டும் சொல்லும் கணக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், இன்டெல் சில்லு 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி லாஸ்பேட்டையிலும் இன்னும் நன்றாக ஓடும் ஐ3, ஐ5 லேப்டாப்புகள் எத்தனையோ இந்த விதியில் வெளியே நிற்கின்றன. "சரி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம். எதைப் போடறது?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற ஒரு லினக்ஸும் வந்த காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் இப்போது கேட்கிறார்கள்.

உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று லினக்ஸின் வகைகளுக்கு (டிஸ்ட்ரோ என்பார்கள்) உள்ள பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். உள்ளே பார்த்தால் அவ்வளவு வேறுபாடு இல்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கர்னல் என்ற மைய நிரல்தான் எல்லாவற்றிலும் அடியில் ஓடுகிறது. கீபோர்டு, திரை, டிஸ்க் ஆகியவற்றை இயக்கும் டிரைவர்களில் பெரும்பாலானவை அந்தக் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அதன் மேல் எந்தெந்த மென்பொருளை, எந்தப் பதிப்பில், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருவது என்று முடிவு செய்வதுதான் டிஸ்ட்ரோவின் வேலை. 1993-இல் தொடங்கிய டெபியனை எடுத்து 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவை எடுத்து 2006-இல் மின்ட் வந்தது. மூன்றும் ஒரே குடும்பம். ஃபெடோரா வேறு குடும்பம், ஆர்ச் இன்னொன்று. ஜன்னல், மெனு எல்லாம் காட்டும் டெஸ்க்டாப் சூழல் இவற்றின் மேல் உட்காரும் தனி அடுக்கு. ஒரே டிஸ்ட்ரோவில் நோமையும் வைக்கலாம், கேடிஇயையும் வைக்கலாம், எக்ஸ்எஃப்சிஇயையும் வைக்கலாம்.

எந்த டெஸ்க்டாப் 'லேசானது' என்ற பேச்சில் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ஜன்னல் வழுக்கி வருவது, நிழல் விழுவது போன்ற அலங்காரங்கள்தான் ரேமைத் தின்கின்றன என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய டெஸ்க்டாப்புகளில் ஒவ்வொரு ஜன்னலின் படமும் நினைவகத்தில் தனியாக வரையப்பட்டு, கம்பாசிட்டர் என்ற நிரல் அவற்றை அடுக்கித் திரைக்கு அனுப்புகிறது. பழைய லேப்டாப்பின் திரை 1366 × 768 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால், திரை முழுக்க விரியும் ஒரு ஜன்னலுக்கு ஏறத்தாழ 4 எம்பி. பத்து ஜன்னல் திறந்தாலும் 40 எம்பிதான். இன்டெல் கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் அதே ரேமில்தான் பங்கு கேட்கும். ஆனாலும் இது பெரிய பங்கில்லை.

நினைவகம் போவது பின்னணியில். கோப்புகளைத் தேட வசதியாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் சேவை, காலண்டரையும் முகவரிகளையும் ஒத்திசைக்கும் சேவை, புதுப்பிப்பு வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் மென்பொருள் கடை. நோமில் இவையெல்லாம் கூடவே எழுந்திருக்கும். சும்மா இருக்கும்போதே 1 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். எக்ஸ்எஃப்சிஇ பொதுவாக அதற்கும் கீழே நிற்கும். 8 ஜிபி ரேம் இருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி என்றால் எந்த டெஸ்க்டாப்பை வைத்தாலும் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் திணறத்தான் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது எந்த டெஸ்க்டாப் மாற்றத்தையும்விடப் பெரிய மாற்றம். ஹார்டு டிஸ்கில் தலை நகர்ந்து சரியான இடத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் 10 மில்லி விநாடி அளவுக்கு ஆகிறது. எஸ்எஸ்டியில் நகர்வதற்கு ஒன்றுமே இல்லை.

அடுத்தது நம் கடற்கரைக்கென்றே உள்ள பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் என்று புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பார்த்ததெல்லாம் நினைவிருக்கும். பழைய லேப்டாப்பில் பேட்டரியும் பெரும்பாலும் செத்திருக்கும். புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, கோப்பு அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்கிறது. பாதியில் நின்றால், அடுத்த முறை எழும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து முடிக்க வேண்டியதை முடிக்கிறது. அதனால் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும். பேக்கேஜ்களின், அதாவது மென்பொருள் பொட்டலங்களின், கதை வேறு. நூறு பேக்கேஜ்களில் அறுபது புதியதாகி நாற்பது பழையதாகவே நின்றுவிட்டால், கோப்பு முறைமைக்கு அதில் தவறேதும் தெரியாது. டெஸ்க்டாப் மட்டும் வராமல் கறுப்புத் திரை நிற்கும். சரிசெய்ய வழி உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பழகியவருக்கு அது சின்ன வேலை, புதியவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கும்.

ஆகவே, அடிக்கடி புதுப்பிக்கும் டிஸ்ட்ரோ பேட்டரி செத்த லேப்டாப்புக்கு ஆகாது. ஆர்ச்சுக்குப் பதிப்பு என்பதே கிடையாது. புதிய மென்பொருள் வந்துகொண்டே இருக்கும். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆயுள். 2024-இல் வந்த உபுண்டு 24.04-க்கும் அதன் மேல் கட்டிய மின்ட் 22-க்கும் 2029 வரை ஆதரவு உண்டு, பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும். என் ஓட்டு மின்ட் எக்ஸ்எஃப்சிஇக்கு. ஃபெடோரா சில்வர்புளூ இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் முழுசாகக் கட்டிவிட்டு, அடுத்த முறை இயங்கும்போது அதற்குத் தாவுகிறது. பாதியில் கரண்ட் போனால் பழையதே எழும். அழகான யோசனைதான். ஆனால் அது கேட்கும் டிஸ்க் இடம் அதிகம், டெஸ்க்டாப்பும் நோம்.

எதையும் நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதில் இருப்பது சுருக்கி வைத்த, எழுத முடியாத ஒரு படிமம். நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் ரேமில் ஒரு மேலடுக்காகச் சேர்கிறது. அணைத்தால் அடுக்கோடு போய்விடும், உள்ளே உள்ள டிஸ்க் தொடப்படாது. வைஃபை வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் கர்னலைவிட ஃபர்ம்வேர்மேல்தான் சந்தேகப்பட வேண்டும். சில சில்லுகளுக்கு அவற்றின் தயாரிப்பாளர் தரும் சிறு நிரலை ஏற்றினால்தான் உயிர் வரும். டெபியன் தன் கொள்கை காரணமாக அவற்றை நிறுவியில் சேர்க்காமலே வைத்திருந்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது.

தமிழ் தட்டச்சையும் அங்கேயே சோதிக்கலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு விசைப்பலகையும் வேண்டுபவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு விசையில் மாற்றிக்கொள்ளலாம். 'கொ' என்று அடித்து, கொம்பு க-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக உட்காருகிறதா என்று பாருங்கள். நிறுவ முடிவு செய்தால், விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, கல்யாண போட்டோக்களையெல்லாம் வெளி டிஸ்குக்கு மாற்றிய பிறகு கை வையுங்கள்.