பிரவுசிங் சென்டரில் தங்கிவிடும் பாஸ்வேர்டுகள்

கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில். போன மாதம் ஒரு பிரவுசிங் சென்டரில் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்று பார்க்கக் குரோமைத் திறந்தேன். பாஸ்வேர்டு மேனேஜரில் மவுஸை உருட்ட உருட்டப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. டிஎன்பிஎஸ்சி, பிஎஃப், ரயில் டிக்கெட், இன்ஜினீயரிங் கவுன்சலிங், ஒரு கல்லூரியின் ஃபீஸ் கட்டும் தளம். எதைத் தொட்டாலும் ஒரு பெயர், வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு கண். விண்டோஸ் பாஸ்வேர்டு கொடுத்தால்தான் அந்தக் கண் திறக்கும். அந்த மெஷினுக்கோ பாஸ்வேர்டே வைக்கவில்லை. உரிமையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் உள்ளேயா இருக்கு?” என்று பதறிப்போனார்.

குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி விண்டோஸ் கணக்கோடு சேர்ந்தது. வீட்டில் அது போதும். சென்டரில் காலையிலிருந்து இரவு வரை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே விண்டோஸ் கணக்கில்தான் உட்காருகிறார்கள், அப்போது சாவியும் எல்லார் கையிலும் இருக்கிறது. படிவத்தின் கடைசி நாள், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று ஒரு பெட்டி குறுக்கே வருகிறது. படிக்காமல் ‘சரி’ கொடுத்துவிடுகிறோம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. ஒரு பிடிஎஃப் எடுக்க ஜிமெயிலைத் திறக்கிறீர்கள். குரோமுக்குள்ளும் கணக்கைச் சேர்க்கவா, சிங்க் செய்யவா (கணக்கில் சேமித்ததை இந்த மெஷினுக்கும் கொண்டுவரவா) என்று கேட்கிறது. ஒத்துக்கொண்டால், உங்கள் போனில் இத்தனை வருடமாகச் சேர்ந்த பாஸ்வேர்டுகள் மொத்தமும் அந்த மெஷினில் இறங்கிவிடும். அதில் வங்கியும் இருக்கும், அலுவலகமும் இருக்கும். அப்புறம் ஜிமெயிலில் மட்டும் சைன் அவுட் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். அதனால் சிங்க் நிற்குமே தவிர, இறங்கியவை போகாது. அந்த குரோம் புரொஃபைலையே, அதாவது உங்கள் கணக்கைச் சேர்த்த மொத்தத் தொகுப்பையே, நீக்க வேண்டும்.

வங்கிக்காவது ஓடிபி காவல் இருக்கிறது. கவுன்சலிங் நேரத்தில் ஒரு பிள்ளையின் கணக்கு வேறொருவர் கையில் சிக்கினால், வரிசைப்படுத்தி வைத்த கல்லூரிப் பட்டியலைக் கலைத்துவிட முடியும். பன்னிரண்டு வருடப் படிப்பு அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சென்டருக்குப் போகத்தான் வேண்டும் என்றால், குரோமின் மேல் மூலையில் இருக்கும் புரொஃபைல் படத்தை அழுத்தி ‘கெஸ்ட்’ ஜன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். மூடியதும் வரலாறும் லாகினும் அழிந்துவிடும். டவுன்லோடு செய்த ஃபைல் அழியாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். கீபோர்டு வயருக்கும் சிபியூவுக்கும் நடுவே சின்னதாக ஏதாவது செருகியிருந்தால் எழுந்துவிடுங்கள். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிந்துவைக்கும் கருவிகள் உண்டு, கெஸ்ட் ஜன்னல் அதைத் தடுக்காது. வங்கி வேலையை அங்கே வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

ஏற்கெனவே எங்காவது சேமித்துவிட்டோமோ என்று சந்தேகமா? போனில் கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டிப் பகுதியில் எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள். அடையாளம் தெரியாத விண்டோஸ் மெஷின் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். அதோடு விட்டுவிடாதீர்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற தளங்களின் ‘மறந்துவிட்டேன்’ லிங்க் அங்கேதான் வரும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

சென்டர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு சேமிப்பதையும் பிரவுசருக்குள் கணக்கு சேர்ப்பதையும் குரோம் பாலிசியில், அதாவது மெஷின் முழுவதற்கும் போடும் கட்டுப்பாட்டு அமைப்பில், ஒரேயடியாக நிறுத்திவிடலாம். தெரிந்தவருக்கு மெஷினுக்குப் பத்து நிமிட வேலை. அந்தச் சென்டரில் பட்டியலை உரிமையாளர் கண்ணெதிரிலேயே அழித்தேன். மூன்று மெஷினிலும் பாலிசியைப் போட்டுவிட்டுத்தான் பையை எடுத்தேன்.