பழைய மெட்டில் புதுப் பாட்டு எப்படி உட்காருகிறது?

பாரதியாரின் 'வீர சுதந்திரம் வேண்டி நின்றார் பின்னர் வேறொன்று கொள்வாரோ' பாட்டுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கும்: 'தில்லை வெளியிலே கலந்துவிட்டால் அவர் திரும்பியும் வருவாரோ என்னும் வர்ணமெட்டு'. அது 'நந்தனார் சரித்திரம்' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டு. ஸ்வரக் குறிப்பெல்லாம் வேண்டாம். ஊருக்குத் தெரிந்த பாட்டின் முதலடியைச் சொன்னால் போதும், வாசிப்பவர் பாட ஆரம்பித்துவிடலாம். சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களிலும் இதே பழக்கம்தான்.

சரி, சொற்கள் வேறு, மெட்டு மட்டும் எப்படிப் பொருந்துகிறது? இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பாருங்கள். 'தில்லை வெளியிலே' ஆறு அசை (யாப்பிலக்கண அசை அல்ல, தில்-லை-வெ-ளி-யி-லே என்று ஒலிக்கும் துண்டுகள்), 'வீர சுதந்திரம்' ஆறு அசை. ஆனால் 'வருவாரோ' நான்கு, 'கொள்வாரோ' மூன்று. இடிக்கவில்லையே? 'வரு' இரண்டு குறில். 'கொள்' ஒற்றோடு நீளும் ஒரே அசை. பாடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆக, மெட்டு எழுத்தை எண்ணுவதில்லை, எழுத்து பிடிக்கும் நேரத்தைத்தான் எண்ணுகிறது. அப்படியும் சொல் போதாவிட்டால் கடைசி உயிரை இழுத்து நிரப்பலாம். பாரதியாரின் 'நெஞ்சு பொறுக்குதிலையே' என்பதில் அந்த 'யே' செய்வது இதைத்தான்.

'நெஞ்சு பொறுக்குதிலையே' பாட்டின் வடிவம் நொண்டிச் சிந்து. நொண்டி நாடகத்தில், குதிரை திருடப் போய்க் காலை இழந்தவன் ஒற்றைக் காலால் குதித்தபடி தன் கதையைப் பாடுவான். அவன் பாட்டு நடையில்தான் பாஞ்சாலி சபதத்தின் பெரும்பகுதி நகர்கிறது! 1912இல் வந்த அதன் முதல் பாகத்தின் முன்னுரையில், பொது ஜனங்கள் விரும்பும் மெட்டு வேண்டும் என்று பாரதியார் வெளிப்படையாகவே கேட்டிருந்தார்.

ஆனால் மெட்டு வெறும் தாளக் கணக்கை மட்டும் கொண்டுவருவதில்லை, பழைய பாட்டின் பொருளும் பின்னாலேயே வந்துவிடுகிறது. தில்லையில், அதாவது சிதம்பரத்தில், இறைவனோடு கலந்தவர் திரும்புவதில்லை என்பது காதில் ஓடிக்கொண்டிருக்க, சுதந்திரம் வேண்டியவரும் திரும்பமாட்டார் என்று கேட்கிறோம். பாரதியாரின் 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டு இன்னும் கூர்மை. நந்தனார் சரித்திரத்தில், தில்லைக்குப் போக ஆசைப்படும் பண்ணையாள் நந்தனை அவன் ஆண்டை ஏளனம் செய்யும் பாட்டின் மெட்டு அது. பாரதியார் அதை ஆங்கிலேய அதிகாரியின் வாயில் வைத்தார். நந்தனார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த அதிகாரி யார் இடத்தில் நின்று பேசுகிறான் என்பது முதலடியிலேயே புரிந்திருக்கும். இன்று இந்தப் பாடல்களைப் புது இசையில் கேட்கிறோம். இனிமைக்குக் குறைவில்லை, இந்தக் குத்தல்தான் காணாமல் போய்விடுகிறது.