அடைக்கோழியின் அடிவயிற்றுச் சூடு

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் முட்டை எடுக்கலாம் என்று கோழிக்கூட்டின் மூலையில் இருந்த கூடைக்குள் கையை விட்டேன். எங்கள் சிறுவிடைக் கோழி, நாட்டுக்கோழியில் சிறிய வகை, உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு, கழுத்து இறகெல்லாம் சிலிர்க்க, தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல் உறுமியது. அப்புறம் கையைக் கொத்தியது. அதன் அடியில் ஒரு முட்டைகூட இல்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வெறும் வைக்கோல்மேல்தான் அது அத்தனை உறுதியாக உட்கார்ந்திருந்தது. கையில் பட்ட வயிற்றுத் தோல் மட்டும் நினைவில் நின்றுவிட்டது. இறகில்லாமல், வழவழப்பாக, காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோலச் சுட்டது.

இதைத்தான் 'கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது' என்கிறோம். சில ஊர்களில் அவயம் என்பார்கள். குஞ்சு வேண்டும் என்று நாம் நினைக்கும் நேரத்தில் உட்கார்ந்தால் வரம். சேவலே இல்லாத வீட்டில், அடியில் ஒன்றுமில்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்தால் நமக்கு முட்டையும் போய், கோழிக்கு உடம்பும் போகும். அடையைத் தெளிய வைக்க ஊரில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். தண்ணீரில் முக்கு, மூக்கில் இறகைக் குத்து, காலைக் கட்டிப் போடு. இவற்றில் எது வேலை செய்யும், எது வெறும் வதை என்று தெரிந்துகொள்ள, அந்தச் சூடான தோலிலிருந்தே தொடங்க வேண்டும்.

கோழியின் மூளைக்குக் கீழே தொங்கும் சிறு சுரப்பி பிட்யூட்டரி. அது சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று புரோலாக்டின். பாலூட்டிகளில் பால் சுரக்கக் காரணமான அதே ஹார்மோன்தான். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழிகளுக்குப் புரோலாக்டினை ஊசி வழியாகச் செலுத்தினால் அவை அடைக்கு உட்காருகின்றன என்று அமெரிக்க அறிவியலாளர் ஆஸ்கர் ரிடிலும் அவருடன் வேலை செய்தவர்களும் 1935-இல் காட்டினார்கள். அதுவரை கோழியின் குணம் என்று மட்டும் பார்க்கப்பட்ட ஒன்றுக்கு இரத்தத்தில் ஓடும் ஒரு பொருள் காரணம் என்று அப்போது தெரிந்தது.

சரி, புரோலாக்டினை ஏற்றிவிடுவது எது? மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விஐபி என்ற சிறிய புரதத் துணுக்கை அனுப்புகிறது. வாசோஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடு என்பது முழுப்பெயர். முதலில் குடலில் கண்டுபிடித்ததால் பெயரில் குடல் ஒட்டிக்கொண்டது. பறவைகளில் இது பிட்யூட்டரியிடம் போய்ப் 'புரோலாக்டினைச் சுர' என்று சொல்கிறது. பகல் நீளும் பருவம், வெயில் காலத்தின் வெப்பம், இருட்டான ஒதுக்குப்புறம், கூட்டில் சேர்ந்துகொண்டே போகும் முட்டைகள் எல்லாம் சேர்ந்து மூளையை இந்தப் பக்கம் தள்ளுகின்றன.

புரோலாக்டின் ஏறியதும் கோழியின் மார்பிலும் வயிற்றிலும் இறகு உதிர்கிறது. சில கோழிகள் அலகாலேயே பிடுங்கிக் கூட்டில் போட்டுக்கொள்ளும். அந்த இடத்துத் தோல் தடித்து, இரத்தக் குழாய்கள் நிறைந்து சூடேறுகிறது. கோழியின் உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நடுவில் இறகு இல்லாததால் அந்தச் சூடு நேராக முட்டைக்குப் போகிறது. அதே தோல் தொடுகையையும் நன்றாக உணர்கிறது. முட்டையோ வைக்கோலோ வயிற்றில் அழுந்தும் உணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை இன்னும் விஐபி அனுப்புகிறது, புரோலாக்டின் இன்னும் ஏறுகிறது, கோழி இன்னும் அழுத்தமாக உட்காருகிறது. ஒரு முறை இந்தச் சுற்று ஓடத் தொடங்கிவிட்டால் உட்கார்ந்திருப்பதே உட்கார வைக்கும். முட்டை இல்லாத கூடையில் எங்கள் கோழி கிடந்ததற்குக் காரணம் இதுதான். கூடையும் வைக்கோலும் அந்தத் தோலுக்குப் போதுமானதாக இருந்தன.

இந்தச் சுற்றை எங்கே வெட்டலாம் என்றும் பார்த்திருக்கிறார்கள். விஐபிக்கு எதிராகத் தடுப்பூசிபோல ஒன்றைச் செலுத்தியபோது வான்கோழிகளும் சிறு கோழிகளும் அடைக்கு உட்காரவில்லை. அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கும் கோழியைக் கூட்டிலிருந்து விலக்கி வைத்தாலே இரத்தத்தில் புரோலாக்டின் வேகமாக இறங்குகிறது. நமக்கு வேண்டிய வழி இந்த எளிய சோதனையில்தான் இருக்கிறது.

அதற்குமுன் ஒரு கேள்வி. உட்கார்ந்தால் முட்டை ஏன் நிற்கிறது? புரோலாக்டின் ஏறும்போது, மஞ்சள் கரு வளரும் சினைப்பையை வேலை செய்ய வைக்கும் ஹார்மோன்கள் இறங்கிவிடுகின்றன. முட்டையிடும் கோழியின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிதும் சிறிதுமாக மஞ்சள் உருண்டைகள் வரிசைகட்டி இருக்கும். நாளைய முட்டை, நாளை மறுநாள் முட்டை என்று ஐந்தாறு பெரியவை தயாராக இருக்கும். அடைக்கோழியின் வயிற்றில் அந்த வரிசை இருக்காது. உடம்பு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுவிடும். அடை தெளிந்த மறுநாளே முட்டையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஒரு மஞ்சள் கரு முழுதாக வளரவே ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். சினைப்பை மீண்டும் விழித்துக்கொள்ளும் நாட்களையும் சேர்த்தால் இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும்.

பசியும் அடங்கிவிடுகிறது. நாளைக்கு ஒரு தடவை எழுந்து, கொஞ்சம் தீனி பொறுக்கி, தண்ணீர் குடித்து, கெட்ட நாற்றத்தோடு பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். செங்காட்டுக்கோழிகளை வைத்துச் செய்த ஆய்வில் கூட்டின் பக்கத்திலேயே தீனி வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை கொஞ்சமாகத்தான் தின்றன, எடை குறைந்தது. வெளியே போக முடியாமல் பட்டினி கிடக்கிறது என்று நாம் பரிதாபப்படுகிறோம். உண்மையில் அந்த நாட்களுக்கு உடம்பே தன் எடை அளவைக் கீழே இறக்கி வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரிக்க ஆகும் 21 நாளுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அடியில் முட்டை இல்லாத கோழிக்கு 21-ஆம் நாள் ஒன்றும் நடப்பதில்லை. அது நாட்களை எண்ணுவதில்லை. கூட்டிலேயே இருக்கும்வரை, குஞ்சின் குரலும் தொடுகையும் வந்தால்தான் அதன் புரோலாக்டின் இறங்கும். அது வராதவரை சில கோழிகள் மாதக் கணக்கில் கிடந்து நெஞ்செலும்பு துருத்த இளைத்துப்போகும். ஓரிடத்திலேயே கிடப்பதால் கோழிப்பேனும் செள்ளும் வேறு ஏறிக்கொள்ளும். அடைக்கோழியை அப்படியே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒன்று குஞ்சு கொடுக்க வேண்டும், இல்லை அடையைத் தெளிவிக்க வேண்டும்.

எல்லாக் கோழிகளும் இப்படி இல்லை. நாமக்கல் பண்ணைகளில் வெள்ளை முட்டையிடும் கோழிகள் லெகார்ன் வழி வந்தவை. வருடத்துக்கு 300 முட்டை வரை இடும், அடைக்கே உட்காராது. உட்காரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து வந்த இனம் அது. வனராஜா, கிரிராஜா மாதிரி வளர்ப்பினங்களும் பொதுவாக உட்காருவதில்லை. அதனால்தான் அவற்றின் முட்டையைக்கூட நாட்டுக்கோழிக்கு அடியில் வைக்கிறார்கள். நம் சிறுவிடையோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும். நல்ல தாய் வேண்டுமென்றால் அதைவிடச் சிறந்த கோழி எனக்குத் தெரியாது. முட்டைக் கணக்கை மட்டும் பார்த்து அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது ஊர் வைத்தியங்களுக்கு வருவோம். தண்ணீரில் முக்குவதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. வயிற்றுச் சூடு தணிய வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் நனைந்த கோழி உலர்ந்ததும் நேராகக் கூடைக்கே போகும், அங்கே தோல் மறுபடி சூடாகும். குளிர்ந்த நாளில் செய்தால் கோழி நடுங்கி நோயில் விழும். மூக்கில் இறகு குத்துவதை நான் சிறுவயதில் நேரில் பார்த்திருக்கிறேன். அது வலி மட்டுமே. வயிற்றுத் தோலுக்கும் மூளைக்கும் நடக்கும் பேச்சில் மூக்குக்கு வேலையே இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது பரவலான வழி. அதுவும் பலமுறை தோற்றுப்போகும். பஞ்சாரத்துக்குள் அரையிருட்டு, கீழே வெதுவெதுப்பான மண். கோழி அங்கேயே வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். கூடை போய்விட்டது, ஆனால் சுற்று அறுபடவில்லை.

அறுக்க வேண்டியது வயிற்றின் சூட்டையும் அழுத்தத்தையும். கம்பி வலைத் தரை உள்ள ஒரு கூண்டு போதும். முயல் வளர்க்கும் கூண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அதை நான்கு செங்கல்மேலோ ஸ்டூல்மேலோ தூக்கி வைக்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும். உள்ளே வைக்கோல், உமி, சாக்கு எதுவும் கூடாது. உட்கார்ந்தால் கீழிருந்து காற்று வயிற்றில் படும், படுத்துச் சூடேற்ற வசதியான இடமே இருக்காது. தண்ணீரும் தீனியும் தாராளமாக வையுங்கள். பட்டினி போட்டால் அடை தெளியும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். ஏற்கெனவே இளைத்த கோழி அது. கம்பு, சோளம், குருணை என்று நன்றாகத் தின்னட்டும். கூண்டு வெளிச்சமான இடத்தில், ஆனால் நிழலில் இருக்க வேண்டும். மற்ற கோழிகளின் கண்ணில் படுகிற இடமாக இருந்தால் திரும்பிச் சேரும்போது சண்டை குறையும். இரவில் அந்தக் கூண்டிலேயே இருக்கலாம், கீரியும் பூனையும் நாயும் அண்டாத இடமாகப் பாருங்கள்.

எத்தனை நாள்? உட்கார்ந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பிடித்துவிட்டால் மூன்று நாளில் தெளிந்துவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஐந்தாறு நாள்கூட ஆகும், ஏனென்றால் சுற்று அவ்வளவு பலமாக ஓடிக்கொண்டிருக்கும். தெளிந்ததா என்று பார்க்கத் திறந்து விட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு சேர்ந்து மண்ணைக் கிளறினால் சரி. நேராகப் பழைய மூலைக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். இறகைச் சிலிர்ப்பதும் தொண்டைக்குள் உறுமுவதும் அடங்கியதா என்பதும் நல்ல அடையாளம். அந்த நாட்களில் பழைய கூடையை எடுத்துவிட வேண்டும். மற்ற கோழிகளின் முட்டையைத் தினமும் எடுத்துவிடுவது இன்னும் முக்கியம், குவிந்து கிடக்கும் முட்டைகளே அடுத்த கோழியையும் உட்கார வைக்கும்.

குஞ்சு வேண்டும் என்று முடிவு செய்தால் வேலை வேறு. முட்டையிடும் நாட்களில் கரு வளராமல் உறங்குவதால்தான், பத்து நாளில் இட்ட முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரிக்கின்றன. கோழி உட்கார்ந்த பிறகே அவை ஒன்றாக விழிக்கும். ஆனால் நம் கோடையில் 35 டிகிரி வெக்கையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும், பலருக்குக் கூமுட்டை அதிகமாவது இதனால்தான். ஈரமணல் நிரப்பிய மண்பானைமேல் துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வையுங்கள். சிறுவிடைக்கு எட்டு, பத்து முட்டை, பெருவிடைக்குப் பன்னிரண்டு போதும். வைத்த முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து இடும், கோடில்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இரவில் டார்ச் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிலந்திபோல் இரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றுமே தெரியாமல் வெளிச்சம் ஊடுருவினால் அதை எடுத்துவிடலாம். வாத்து முட்டை வைத்தால் 28 நாள் என்பதை மறக்க வேண்டாம்.

சேவல் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பல நாள் உட்கார்ந்த கோழிக்கு, நன்றாக இருட்டிய பிறகு, ஒன்றிரண்டு நாள் வயதுள்ள குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சிறகுக்கு அடியில் விடுவது. அதன் தோலில் முட்டைக்குப் பதில் அசையும் உயிர் படுகிறது, காதில் கீச்சுக் குரல் விழுகிறது. விடிவதற்குள் பல கோழிகளின் குரலே மாறிவிடும், உறுமலுக்குப் பதில் 'கொக் கொக்' என்ற மெல்லிய அழைப்பு வரும். எல்லாக் கோழியும் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் போய்ப் பக்கத்தில் இருந்து பாருங்கள், கொத்தினால் உடனே குஞ்சுகளைப் பிரித்துவிட வேண்டும்.

எங்கள் சிறுவிடைக்கு அந்தச் சமயத்தில் குஞ்சு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் முயல் கூண்டை வாங்கி வேப்பமரத்தடியில் வைத்து, நான்கு நாள் அதில் விட்டேன். முதல் நாள் முழுக்க வலைமேல் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் எழுந்து நின்று தீனி தின்றது. ஐந்தாம் நாள் காலையில் திறந்தபோது கூடை இருந்த மூலைப்பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்தது, அங்கே வெறும் தரை. அப்புறம் எருக்குழிக்குப் போய்க் கிளறத் தொடங்கியது. மண்ணில் புரண்டு வெகுநேரம் குளித்தது. வயிற்றில் இறகு முளைக்க இன்னும் நாள் பிடித்தது. பதினெட்டாம் நாள் வைக்கோல் போரின் ஓரத்தில் ஒரு முட்டை கிடந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக.