விண்டோஸ் 11: பழைய கணினி ‘தகுதியில்லை’ என்று சொன்னால்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு மாற முயன்று, ‘இந்தக் கணினி தகுதி பெறவில்லை’ என்ற வரியைப் பார்த்தவுடன் கணினியையே தள்ளிவிட நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த வரிக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ப்ராசசர் உண்மையிலேயே பழையது. இன்னொன்று, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஓர் அமைப்பு அணைந்து கிடக்கிறது. இரண்டாவதற்குச் செலவே இல்லை.

தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ப்ராசசர் பெயரைப் பாருங்கள். இன்டெல் கோர் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறார்கள். ஐ5-8250யூ தேறும், ஐ5-7200யூ தேறாது. வாங்கிய ஆண்டை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2018-இல் புதிதாக விற்ற ஐ3-7020யூ கூட ஏழாம் தலைமுறைதான். ஏஎம்டியில் ரைசன் 5 2600 பட்டியலில் உண்டு. அதே 2000 வரிசையின் 2400ஜி இல்லை.

ப்ராசசர் தேறினால், அதே திரையில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘யூஇஎஃப்ஐ’ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) என்றிருந்தால் வேலை சுலபம். பயாஸுக்குள் போய் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் வசதி) இரண்டையும் இயக்கினால் போதும். டிபிஎம் என்ற பெயரிலேயே அது பல போர்டுகளில் இருக்காது என்பதால்தான் பலரும் தேடிக் களைத்துப்போகிறார்கள். இன்டெல் போர்டுகளில் ‘பிடிடி’ என்றும், ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்றும் இருக்கும்.

‘லெகசி’ (பழைய முறை) என்றிருந்தால்தான் கவனம் தேவை. வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றாமல் பயாஸை மட்டும் யூஇஎஃப்ஐ ஆக்கினால், பூட் ஆகும் வட்டே இல்லை என்று கணினி நின்றுவிடும். பதற வேண்டாம், பயாஸை லெகசிக்கே திருப்பினால் பழையபடி வரும். சரியான வரிசை இதுதான்: முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுத்த பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் ‘வேலிடேட்’ (சோதித்துப் பார்ப்பது மட்டும்) முறையில் ஓட்டுங்கள். தேறினால் ‘கன்வர்ட்’ (மாற்றுவது). அதன் பிறகே பயாஸ்.

வேலிடேட் தோற்பதற்கு வழக்கமான காரணம், சி, டி, இ, எஃப் என்று வட்டைத் துண்டு போட்டு வைத்திருப்பது. இந்தக் கருவி மூன்று பிரைமரி பார்டிஷன்கள் (வட்டின் முதன்மைத் துண்டுகள்) வரைதான் ஏற்கும். பல துண்டுகளை உள்ளடக்கும் எக்ஸ்டெண்டட் பார்டிஷன் இருந்தால் மறுத்துவிடும். அந்தத் துண்டுகளில் உள்ளவற்றை வெளி வட்டுக்கு நகர்த்தி, அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மாற்றம் முடிந்ததும் டி டிரைவை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால், பயாஸில் சிஎஸ்எம்-ஐ (லெகசி முறைக்கான ஆதரவு) அணைத்தவுடன் திரை கறுப்பாகலாம். அந்தக் கார்டு யூஇஎஃப்ஐ-க்கு முந்தையது என்று அர்த்தம். கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே மானிட்டருக்கான இணைப்பு இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள்.

பயாஸைத் தொடும் முன், வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். டிபிஎம் அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் படங்களும் ஆவணங்களும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முழுதாக அழித்து நிறுவப் போகிறவர்கள் மறக்கும் ஒன்று எழுத்துருக்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபாண்ட்ஸ்’ முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அதன் டேட்டா கோப்புறை சி டிரைவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் அதையும் நகலெடுங்கள். உரிமச் சாவிக்குக் கவலை வேண்டாம். முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம், மதர்போர்டு மாறாத வரை, அதே பதிப்பு விண்டோஸ் 11-க்கும் செல்லும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே ஆள் மாறியதுபோல் இருக்கும். முதலில் வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பழைய வட்டின் நிலையைப் பாருங்கள். ‘காஷன்’ (எச்சரிக்கை) என்று காட்டினால் அதில் மேம்படுத்தலைத் தொடங்கவே கூடாது. பல ஜிபி எழுதும் வேலை, சாகக் கிடக்கும் வட்டுக்குக் கடைசி அடியாகிவிடும்.

ப்ராசசரே தேறாதவர்களுக்கு, ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) திருத்தித் தகுதிச் சோதனையைத் தாண்ட வைக்கும் வழி இருக்கிறது. வங்கி வேலை நடக்கும் வீட்டுக் கணினியில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போ பாப்கவுண்ட், எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளை வசதிகள் இல்லாத மிகப் பழைய ப்ராசசர்களில் தொடங்கவே செய்யாது. அதைவிட, விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்தபடியே நீட்டிப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேரலாம். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு உண்டு.

இணையம், யூடியூப், ஆவணம் தட்டுவது மட்டும்தான் என்றால், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 22 நல்ல வழி. 4 ஜிபி ரேம் போதும். 2029 வரை ஆதரவு உண்டு. டேலி அதில் நேரடியாக ஓடாது. நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே அதை இயக்கி வைஃபை, பிரிண்டர், ஒலி மூன்றையும் சோதியுங்கள். அதுவரை ‘இன்ஸ்டால்’ பொத்தானைத் தொடாதீர்கள்.