சிஜிஎம்: தமிழில் என்னவென்று சொல்வது?

நீரிழிவு உள்ளவர்கள் மேல்கையில் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொள்ளும் கருவிக்கு சிஜிஎம் என்று பெயர். கன்டினியுவஸ் குளுக்கோஸ் மானிட்டர் என்பதன் சுருக்கம். தமிழில் 'தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு' என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். சிலர் குளுக்கோஸை எடுத்துவிட்டு 'இரத்தச் சர்க்கரை' என்று போடுகிறார்கள். அது வேண்டாம் என்பேன், ஏனென்றால் இந்தக் கருவி அளப்பது இரத்தத்தை அல்ல.

தோலுக்கு அடியில் மெல்லிய இழை ஒன்று நிற்கிறது, அதுதான் உணரி. செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸை அது அளந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை போனுக்கு எண்ணாக அனுப்புகிறது. இரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ் அந்த நீருக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் சாப்பிட்ட பிறகோ வேகமாக நடந்த பிறகோ விரலில் குத்திப் பார்த்தால் வேறு எண் வரும், கருவி கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அந்தக் கையை அழுத்திப் படுத்துத் தூங்கினாலும் அளவு பொய்யாகக் குறைந்து காட்டி அலாரம் அடிக்கும். ஆனால் குளுக்கோஸ் மிகவும் குறைந்ததுபோலக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும்போது போன் 95 என்று இயல்பான எண்ணைக் காட்டினால் அதை நம்பாமல் உடனே விரலில் குத்திப் பாருங்கள்.

சர்க்கரை என்ற சொல்லிலேயே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அது வடமொழி 'சர்க்கரா'விலிருந்து வந்தது, சரளை, பருமணல் என்பது பழைய பொருள். குளுக்கோஸ் 1838இல் பிரான்சில் வைத்த பெயர், இனிப்பைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. டப்பாவில் இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ், அதில் பாதிதான் குளுக்கோஸ். தானியமும் கிழங்கும் செரித்தால் குளுக்கோஸ்தான் ஆகும். "இனிப்பே தொடவில்லை, அப்புறம் ஏன் ஏறுகிறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

கண்காணிப்பு, கண்ணும் காண்பதும் சேர்ந்த சொல். கருவியை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'குளுக்கோஸ் கண்காணி' போதும்.

'தொடர்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விரலில் குத்தினால் 140 என்ற எண் மட்டும் தெரியும். இதில் பக்கத்திலேயே, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும், மேல்நோக்கிய 140க்கும் கீழ்நோக்கிய 140க்கும் செய்ய வேண்டியது வேறு வேறு, அதுவும் இன்சுலின் போடுகிறவர்களுக்கு. கூடவே வரும் 'டைம் இன் ரேஞ்ச்' என்பதை 'இலக்குக்குள் இருந்த நேரம்' என்று சொல்லலாம். நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு 70 முதல் 180 மி.கி./டெ.லி. வரை உள்ள அளவில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது இலக்கு. கர்ப்பிணிகளுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் இது மாறும், அதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.